ஆறு கிலோ நாயும் 3,500 கிலோமீட்டர் பாதையும்

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில், ஜார்ஜியா மாநிலத்தின் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி, மெய்ன் மாநிலத்தின் கட்டாடின் சிகரம் வரை ஒரு நடைபாதை போகிறது. அப்பலாச்சியன் நெடும்பாதை. 14 மாநிலங்கள், ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர். இப்படி ஒரு பாதை வேண்டும் என்று பென்டன் மெக்கே 1921இல் எழுதினார். 1937இல் பாதை முழுவதும் இணைந்தது. 1948இல் ஏர்ல் ஷாஃபர் அதை ஒரே பயணமாக நடந்து முடித்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வசந்தத்திலும் முதுகில் மூட்டையோடு ஆட்கள் ஜார்ஜியாவில் கிளம்புகிறார்கள். ஐந்து முதல் ஏழு மாதம் பிடிக்கும். கிளம்புகிறவர்களில் நாலில் ஒருவர்தான் மறுமுனையைத் தொடுகிறார்.

அவர்களில் சிலரோடு நாயும் போகிறது. பெரிய நாய் என்றால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆறேழு கிலோ எடையில் ஒரு டெரியர் நாய் காதை நிமிர்த்திக்கொண்டு மலையேறி வந்தால், எதிரே வருகிறவர்கள் நின்று விடுகிறார்கள். பாவம், இத்தனூண்டு உயிரை இப்படியா இழுத்துக்கொண்டு வருவது என்று பதறுகிறவர்கள் உண்டு. நாயென்றால் எதையும் தாங்கும் என்று சிரித்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. இரண்டு பேர் சொல்வதிலும் பாதிதான் சரி. சின்ன உடம்பு நெடுந்தொலைவு போவது எப்படி என்பதை அறுபது ஆண்டுகளாக ஆய்வகங்களில் அளந்து பார்த்திருக்கிறார்கள். அந்த அளவுகளை வைத்துப் பார்த்தால், நாம் பயப்படும் இடத்தில் அந்த நாய்க்குச் சிரமம் குறைவு. நாம் கவலையே படாத இடத்தில்தான் அது அதிகம் உழைக்கிறது.

முதலில் நடை. நடப்பதற்கும் ஓடுவதற்கும் உள்ள வேறுபாடு வேகத்தில் மட்டும் இல்லை. நடக்கும்போது, ஊன்றிய கால் விறைப்பாக நிற்க, உடல் அதன் மேல் வில் போல் வளைந்து ஏறி இறங்குகிறது. தலைகீழாக நிறுத்திய ஊசல் என்று இயற்பியலாளர்கள் இதைச் சொல்வார்கள். இந்த ஏற்ற இறக்கத்தில் ஆற்றல் கொஞ்சம் மிச்சமாகிறது. ஆனால் வேகம் ஓர் அளவைத் தாண்டினால், உடலை வளைவில் பிடித்து வைக்கப் புவியீர்ப்பு போதாது. அப்போது ஓட்டத்துக்கு மாறியாக வேண்டும். அந்த அளவு எது என்பது காலின் நீளத்தைப் பொறுத்தது. லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த விலங்கியலாளர் மெக்நீல் அலெக்சாண்டர், கப்பல் மாதிரிகளை ஆராய்ந்த 19ஆம் நூற்றாண்டுப் பொறியாளர் வில்லியம் ஃப்ரூடின் சூத்திரத்தை எடுத்து விலங்குகளின் காலுக்குப் பொருத்தினார். வேகத்தின் வர்க்கத்தை, கால் நீளத்தையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் பெருக்கி வரும் தொகையால் வகுக்க வேண்டும். விடை ஏறத்தாழ 0.5ஐ எட்டும்போது பெரும்பாலான விலங்குகள் நடையை விட்டு ஓட்டத்துக்கு மாறுகின்றன. மனிதனும் அதே இடத்தில்தான் மாறுகிறான்.

இந்தக் கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். 90 சென்டிமீட்டர் கால் உள்ள மனிதர் மணிக்கு ஏழரைக் கிலோமீட்டர் வரை நடந்தே போகலாம். இடுப்பு உயரம் 25 சென்டிமீட்டர் உள்ள சின்ன நாய்க்கு அந்த எல்லை மணிக்கு 4 கிலோமீட்டர்தான். நல்ல பாதையில் மூட்டையோடு போகிறவரின் சாதாரண வேகமே மணிக்கு நாலு, நாலரை. அதாவது, அவர் நிதானமாக நடக்கும் நேரமெல்லாம் பக்கத்தில் வரும் நாய் ஓடிக்கொண்டிருக்கிறது. காலை முதல் மாலை வரை, மாதக்கணக்கில்.

வீட்டில் சின்ன நாய் இருப்பவர்கள் இன்று மாலையே தெருவில் பார்க்கலாம். மெதுவாகப் போனால் அதன் நாலு காலும் ஒன்றன்பின் ஒன்றாகத் தரையைத் தொடும். வேகத்தைச் சற்றே கூட்டுங்கள். ஒரு கணத்தில் காலின் ஒழுங்கு மாறிவிடும். முன் இடதும் பின் வலதும் சேர்ந்து தரையில் விழும், அடுத்து முன் வலதும் பின் இடதும். இந்தச் சிற்றோட்டத்தில் முதுகு ஆடாது, தலை ஒரே மட்டத்தில் மிதந்து வரும். தோளைக் கவனியுங்கள். முன்னங்கால் முழங்கையில் இருந்து ஆடுவது போலத் தோன்றினாலும், அசைவு தொடங்குவது தோள்பட்டை எலும்பின் மேல்முனையில். ஜெர்மனியின் யேனா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் ஃபிஷரின் குழு பல இன நாய்களை ஓட்டப்பட்டையில் விட்டு எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்து இதைக் காட்டியது. நமக்கு இருப்பது போன்ற காறை எலும்பு நாய்க்கு இல்லை. முன்னங்கால் தசையாலேயே உடலோடு கட்டப்பட்டிருக்கிறது. நாயின் எடையில் அறுபது சதவீதம் அந்த முன்னங்கால்கள் மேல்தான். ஒவ்வொரு எட்டின் அதிர்வையும் அந்தத் தசைகள் வாங்கிக்கொள்கின்றன.

ஒரு முழு எட்டு 65 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 3,500 கிலோமீட்டருக்கு ஒவ்வொரு பாதமும் 50 லட்சம் முறைக்கு மேல் தரையில் விழ வேண்டும். கூட வரும் மனிதரின் பாதத்துக்கு அதில் பாதிதான். முன்னே ஓடிப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவது, புதருக்குள் மோப்பம் பிடிக்கப் போவது எல்லாம் கணக்கில் சேரவில்லை.

இந்த எட்டுகளுக்கு என்ன விலை? ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் டெய்லர் என்ற உடலியலாளர் வாழ்நாள் முழுக்க இந்தக் கேள்வியோடுதான் இருந்தார். எலி முதல் குதிரை வரை ஓட்டப்பட்டையில் ஓடவிட்டு, ஒவ்வொன்றும் எவ்வளவு ஆக்சிஜன் இழுக்கிறது என்று அளந்தார். உயிரியலில் எனக்குப் பிடித்த முடிவுகளில் ஒன்று அங்கே கிடைத்தது. தத்தம் உடலுக்கு ஏற்ற வேகத்தில் ஓடும்போது, ஒரு கிலோ உடல் எடையை ஓர் எட்டு நகர்த்த ஆகும் ஆற்றல் சின்ன விலங்குக்கும் பெரிய விலங்குக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். கால் குட்டையாக இருந்தால் அதே தூரத்துக்கு எட்டு அதிகம் தேவை. செலவு கூடுவது அதனால்தான். டெய்லர் தந்த சூத்திரப்படி, 6 கிலோ நாய் தன் ஒவ்வொரு கிலோவையும் ஒரு கிலோமீட்டர் கொண்டுசெல்ல, 30 கிலோ நாயைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் செலவழிக்கிறது. சமதரையில் சின்ன நாய் ஏழை. எட்டு எட்டாகக் கூடுதல் விலை கொடுத்துத்தான் அது கூட வருகிறது.

ஏற்றத்தில் கதை மாறுகிறது. 1972இல் டெய்லரும் இரண்டு சகாக்களும் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எலியையும் சிம்பன்சியையும் சரிவான ஓட்டப்பட்டையில் மேல்நோக்கி ஓடவிட்டு அளந்தார்கள். ஒரு கிலோவை ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்க இரண்டுக்குமே ஒரே அளவு ஆற்றல்தான் தேவைப்பட்டது. அது இயற்பியல், அதில் சிறியது பெரியது இல்லை. ஆனால் எலி சமதரையில் ஓடும்போதே கிலோவுக்கு ஏராளமாகச் செலவழித்துக்கொண்டிருப்பதால், ஏற்றத்தின் கூடுதல் செலவு அதன் கணக்கில் பெரிதாகத் தெரியவில்லை. சிம்பன்சிக்கோ செலவு வெகுவாக ஏறியது. அணில் மரத்தில் செங்குத்தாக ஓடுவதும், யானை சிறு மேட்டையும் சுற்றிப் போவதும் இந்தக் கணக்கில்தான் அடங்குகிறது.

சின்ன நாய் எலியும் இல்லை, சிம்பன்சியும் இல்லை. ஆனாலும் கணக்கு அதன் பக்கம் சாய்கிறது. அப்பலாச்சியன் பாதையின் ஏற்றங்களை எல்லாம் கூட்டினால் எவரெஸ்ட் சிகரத்தைக் கடல் மட்டத்தில் இருந்து 16 முறை ஏறுவதற்குச் சமம் என்பார்கள். நாம் மூச்சு வாங்கி, தடியை ஊன்றி, மணிக்கு இரண்டு கிலோமீட்டருக்கு இறங்கிவிடும் அந்தச் செங்குத்துகளில்தான் நாய்க்கு நடப்பதற்கே வாய்ப்புக் கிடைக்கிறது. நம் வேகம் அதன் 4 கிலோமீட்டர் எல்லைக்குக் கீழே வந்துவிடுகிறது. மலைமேல் நின்று, களைத்துப் போனவரைத் திரும்பிப் பார்த்து வால் ஆட்டும் நாய் நம்மை உற்சாகப்படுத்த அப்படிச் செய்கிறது என்று நினைப்போம். உண்மையில் அந்த ஒரு மணி நேரம் அதற்கு ஓய்வுக்குப் பக்கத்தில் வந்த நேரம்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இது சரிவுக்குப் பொருந்தும், பாறைக்குப் பொருந்தாது. பென்சில்வேனியாவில் பாதை நெடுகக் கூர்மையான கற்கள் பரவிக் கிடக்கின்றன. நியூ ஹாம்ப்ஷயரின் வெள்ளை மலைகளில் பாறையில் அடித்த இரும்புக் கம்பிகளையும் மர ஏணிகளையும் பிடித்து ஏற வேண்டிய இடங்கள் உண்டு. மெய்னில் மஹூசக் நாட்ச் என்ற பள்ளம் ஒன்றரைக் கிலோமீட்டர்தான், ஆனால் வீடு வீடாக உருண்டு கிடக்கும் பாறைகளுக்கு இடையே புகுந்தும் ஏறியும் போக வேண்டும். கோடையில்கூட அடியில் பனிக்கட்டி கிடக்கும். நம் முழங்கால் உயரப் பாறை ஆறு கிலோ நாய்க்குத் தலைக்கு மேலே நிற்கும் சுவர். அங்கே அதன் சிறுமையே உதவுகிறது. மார்புக் கச்சையின் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கி அடுத்த பாறையில் வைத்துவிடலாம். காலில் அடிபட்டால் மூட்டையின் மேல் உட்கார வைத்து ஊர் வரை சுமக்கலாம். 30 கிலோ நாயை மலையில் இருந்து சுமந்து இறக்க நாலு பேர் வேண்டும்.

இந்தச் சிறிய உடல் எங்கிருந்து வந்தது என்பதைத் தேடிப் போனவர்களுக்கும் ஆச்சரியம் காத்திருந்தது. 2007இல், நாய்களின் உடல் அளவைத் தீர்மானிப்பதில் ஐஜிஎஃப்1 என்ற ஒரே மரபணுவுக்குப் பெரும்பங்கு உண்டு என்று கண்டார்கள். மனிதன் விரும்பி விரும்பிக் குட்டி நாய்களை உருவாக்கியபோது தோன்றிய மாற்றம் அது என்றுதான் எல்லாரும் எண்ணியிருந்தார்கள். 2022இல் வந்த ஆய்வு அதைப் புரட்டிப் போட்டது. சிறிய உடலோடு தொடர்புள்ள அந்த வடிவம், 54,000 ஆண்டுகளுக்கு முன் சைபீரியாவில் வாழ்ந்த ஓநாயிடமே இருந்திருக்கிறது. நாய் என்ற இனமே பிறப்பதற்கு முந்தைய காலம் அது. சின்ன நாயின் சிறுமை செயற்கையான ஊனம் என்று பேசுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆனால் எல்லாச் சிறிய நாய்க்கும் இது பொருந்தாது. டேஷண்ட் போன்ற குட்டைக்கால் நாய்களின் கால் சுருங்கியது வேறொரு மரபணு மாற்றத்தால். அதை 2009இல் அடையாளம் கண்டார்கள். அத்தகைய உடலமைப்பில் முதுகெலும்பின் வட்டுகள் சீக்கிரம் கெட்டுப்போகும். பாறைக்குப் பாறை குதிக்க அவற்றைக் கூட்டிப்போவது கொடுமை. பக் போன்ற சப்பை மூக்கு நாய்களையும் இந்த வரிசையில் இருந்து எடுத்துவிட வேண்டும். ஏன் என்பதற்கு நாயின் மூச்சைப் பார்க்க வேண்டும்.

நாய்க்கு உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. வெப்பத்தை வெளியேற்ற அதற்கு வாய்த்த வழி நாக்கைத் தொங்கப்போட்டு இரைப்பது. சாதாரணமாக நிமிடத்துக்கு இருபது, முப்பது முறை மூச்சு விடும் நாய், சூடேறினால் ஒரே தாவலில் 300க்கு மேல் போய்விடுகிறது. இவ்வளவு வேகமாக மார்பை அசைத்தால், அந்த அசைவே இன்னும் சூட்டைக் கிளப்பாதா? 1962இல் க்ராஃபோர்ட் என்ற உடலியலாளர் விடை கண்டார். நாயின் மார்புக்கூட்டுக்கும் நுரையீரலுக்கும் இயல்பான அதிர்வெண் ஒன்று உண்டு. நாய் இரைப்பது அந்த அதிர்வெண்ணில்தான். ஊஞ்சலை அது திரும்பி வரும் நேரம் பார்த்துத் தள்ளினால் விரல் நுனியே போதும், அதுபோல. அதனால்தான் நடுவான வேகம் என்று ஒன்று அதற்குக் கிடையாது. சாதாரண மூச்சு, அல்லது முழு வேக இரைப்பு.

1970இல் வெளிவந்த இன்னோர் ஆய்வில் க்னுட் ஷ்மிட்-நீல்சன், டெய்லர் முதலியோர் காற்று போகும் வழியைக் கண்டறிந்தார்கள். இரைக்கும் நாய் பெரும்பாலும் மூக்கால் உள்ளிழுத்து வாயால் வெளிவிடுகிறது. மூக்குக்குள் சுருள் சுருளாக இருக்கும் ஈரச் சவ்வின் மேல் காற்று போகும்போது நீர் ஆவியாகி வெப்பத்தைக் கொண்டுபோகிறது. மூக்கின் வழியே திரும்ப விட்டால் அந்த வெப்பத்தில் ஒரு பகுதி சவ்வுக்கே திரும்பி வந்துவிடும். வாய் வழியே விட்டால் முழுதும் வெளியே. சவ்வை ஈரமாக வைக்கவே மூக்கின் பக்கவாட்டில் தனிச் சுரப்பி வேலை செய்கிறது. மூக்கு சப்பையான நாய்க்கு இந்த ஏற்பாடெல்லாம் நெருக்கப்பட்டுக் கிடக்கிறது. அது இரைப்பது குளிர்வதற்குப் பதிலாகப் போராட்டமாகிவிடும்.

ஒரு கிராம் நீர் ஆவியானால் ஏறத்தாழ 0.58 கிலோ கலோரி வெப்பம் போகும். ஒரு நாள் நடையில் சின்ன நாய் 300 கிலோ கலோரி வெப்பம் உண்டாக்கி, அத்தனையையும் இரைத்தே வெளியேற்ற வேண்டிய வெயில் என்றால், அரை லிட்டர் தண்ணீர் மூச்சோடு போய்விடும். ஆறு கிலோ உடம்புக்கு அது பெரிய இழப்பு. அமெரிக்கக் கிழக்குக் கோடையில் காற்றில் ஈரப்பதமும் அதிகம். ஈரக் காற்றில் நீர் எளிதில் ஆவியாகாது, இரைத்தும் பயனில்லை. ஆகவே வெப்பமானியைவிடக் காற்றின் புழுக்கத்தைப் பார்த்து நடையை நிறுத்துகிறவர்களே சரியாகச் செய்கிறார்கள். சின்ன நாய்க்கு இதில் ஓர் அனுகூலம், ஒரு பாதகம். எடையோடு ஒப்பிட அதன் மேற்பரப்பு அதிகம் என்பதால் பெரிய நாயைவிட வேகமாகக் குளிரும். ஆனால் அதன் வயிறு சுட்ட பாறைக்கு ஒரு சாண் உயரத்தில்தான் போகிறது. வெயிலில் தரையை ஒட்டிய காற்று நம் முகத்துக்கு நேரே வீசும் காற்றைவிட எவ்வளவோ சூடு.

அதே மேற்பரப்பு மழையில் எதிரியாகிறது. நனைந்த சின்ன நாய் சீக்கிரம் நடுங்கத் தொடங்கும். அதற்கும் ஒரு கருவி உடம்பிலேயே இருக்கிறது. நாய் உடலைச் சிலிர்த்து உதறுவதை அதிவேகக் கேமராவில் படம் பிடித்து அளந்தவர்கள், பாதை தொடங்கும் அதே ஜார்ஜியா மாநிலத்தின் ஜார்ஜியா டெக்கைச் சேர்ந்த டேவிட் ஹூவும் ஆண்ட்ரூ டிக்கர்சனும். ரோமத்தில் ஒட்டிய நீரைப் பிய்த்து எறிய ஒரு குறிப்பிட்ட மையவிலக்கு விசை வேண்டும். உடல் ஆரம் குறைந்தால் அதே விசைக்கு இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். லேப்ரடார் வினாடிக்கு நாலைந்து முறை உதறுகிறது. சுண்டெலி முப்பது முறை. ஆறு கிலோ நாய் இரண்டுக்கும் நடுவே, லேப்ரடாருக்குப் பக்கத்தில். தளர்வான தோல் எலும்பைத் தாண்டிச் சுழல்வதால் நீர் இன்னும் வேகமாகத் தெறிக்கிறது. சில நொடிகளில் நீரில் பெரும்பங்கு போய்விடும். மிச்ச ஈரத்தைத் துண்டால் துடைத்து, இரவில் தூங்கும் பைக்குள் அதற்கும் இடம் கொடுப்பது நடப்பவரின் வேலை.

பாதத்தைத் திருப்பிப் பார்த்தால், நாலு விரல் திண்டுகளுக்குப் பின்னே இதய வடிவில் பெரிய திண்டு ஒன்று. மேலே கரடுமுரடான தடித்த தோல், உள்ளே கொழுப்பு மெத்தை. வியர்வைச் சுரப்பிகள் இருப்பது இங்கேதான். பனியில் வெறும் பாதத்தோடு நிற்கும் நாயின் கால் ஏன் உறைவதில்லை என்பதை ஜப்பானிய ஆய்வாளர் நினோமியாவின் குழு 2011இல் விளக்கியது. திண்டுக்கு இரத்தம் கொண்டுவரும் தமனிகளைச் சுற்றிச் சிரைகள் வலைபோலப் படர்ந்திருக்கின்றன. கீழே போகும் சூடான இரத்தம், மேலே திரும்பும் குளிர்ந்த இரத்தத்தை வழியிலேயே சூடாக்கிவிடுகிறது. உடல் வெப்பம் தரைக்குப் போய்விடாமல் உள்ளேயே சுற்றுகிறது. குளிருக்கு இவ்வளவு ஏற்பாடு உள்ள பாதம் கூரான கல்லுக்குக் கிழியத்தான் செய்யும். பழகப் பழகத் தோல் தடிக்கும், அதற்கு வாரக்கணக்காகும். வீட்டுத் தரையில் வளர்ந்த நாயை முதல் வாரமே நாளுக்கு 25 கிலோமீட்டர் கூட்டிப்போகிறவர், பாதத்தைக் கிழித்து ஊருக்குத் திருப்பி அனுப்பத்தான் போகிறார்.

உணவுக் கணக்கு சின்ன நாய்க்குச் சாதகமானது. மாக்ஸ் க்ளைபர் 1932இல் கண்ட விதிப்படி, உடல் சும்மா இருக்கும்போது செலவாகும் ஆற்றல் எடைக்கு நேர்விகிதத்தில் கூடுவதில்லை, எடையின் முக்கால் அடுக்கில் கூடுகிறது. 6 கிலோ நாய்க்கு நாளுக்குச் சுமார் 270 கிலோ கலோரி, 30 கிலோ நாய்க்கு 900. எடை ஐந்து மடங்கு, சாப்பாடு மூன்றேகால் மடங்குதான். கிலோவுக்குக் கிலோ சின்னது அதிகம் தின்கிறது. ஆனால் பையில் சுமக்கிறவருக்கு மொத்த எடைதானே முக்கியம்? நாள் முழுக்க நடந்தால் இந்த அளவு மூன்று மடங்காகலாம். அப்போதும் ஆறு கிலோ நாய்க்கு உலர் உணவு இருநூறு கிராம் சொச்சம் போதும். அடுத்த ஊர் வரை ஐந்து நாள் என்றால் ஒரு கிலோ. பெரிய நாய்க்கு மூன்றரை.

நாய் என்ற இனமே நெடுந்தூரத்துக்குப் படைத்தது. அதே எடையுள்ள ஆட்டோடு ஒப்பிட்டால் நாயின் தசைகள் இருமடங்குக்கு மேல் ஆக்சிஜனைப் பயன்படுத்த வல்லவை, கொழுப்பையும் இருமடங்கு எரிக்கின்றன. அலாஸ்காவின் இடிடரோட் பனிவண்டிப் பந்தயத்தில் 25 கிலோ நாய்கள் நாளுக்கு 10,000 கிலோ கலோரி வரை எரித்துக்கொண்டு ஓடுகின்றன, நாட்கள் போகப் போக உடல் அந்த உழைப்புக்கு ஒத்துப்போகிறது. அதற்குக் கொழுப்பும் புரதமும் நிறைந்த தீனி வேண்டும். நடப்பவர் தின்னும் நொறுக்குத்தீனி உதவாது, ஆபத்தும்கூட. மலையேறுகிறவர்களின் பையில் எப்போதும் இருக்கும் பருப்புக் கலவையில் சாக்லேட்டும் உலர் திராட்சையும் கலந்திருக்கும். இரண்டும் நாய்க்கு நஞ்சு. கால்வலிக்கு மனிதர் விழுங்கும் ஐபுப்ரோஃபென் மாத்திரையும் அப்படியே. நஞ்சு எடையைப் பொறுத்தது. பெரிய நாய் வாந்தியோடு தப்பிக்கும் அளவு ஆறு கிலோ நாயைக் கொன்றுவிடும். காப்பர்ஹெட், ராட்டில் போன்ற நச்சுப் பாம்புகளும் இந்தப் பாதையில் உண்டு. அவற்றின் கடியிலும் இதே கணக்கு.

உண்ணியைத் தனியாகச் சொல்ல வேண்டும். உண்ணி கடத்தும் லைம் நோய்க்குப் பெயர் கொடுத்த லைம் ஊர் கனெக்டிகட் மாநிலத்தில் இருக்கிறது, இந்தப் பாதையும் அந்த மாநிலத்தின் வழியே போகிறது. நோய்க்குக் காரணமான பாக்டீரியாவை 1982இல் வில்லி பர்க்டார்ஃபர் அடையாளம் கண்டார். உண்ணிகள் புல்நுனியிலும் தாழ்ந்த இலைகளிலும் முன்கால்களை நீட்டிக் காத்திருக்கும். சின்ன நாய் தலை முதல் வால் வரை அந்த உயரத்தில்தான் போகிறது. நல்ல செய்தி, ஒட்டிய உண்ணி நோயைக் கடத்தப் பொதுவாக ஒரு நாளுக்கு மேலாகும். ஒவ்வோர் இரவும் காதின் உள்புறம், கழுத்துப்பட்டையின் கீழ், தொடை இடுக்கு, விரல்களுக்கு இடையே எல்லாம் விரலால் தடவிப் பார்த்து எடுத்துவிட்டால் பெரும்பாலும் தப்பலாம். நாய்க்குத் தடுப்பூசியும் உண்டு.

வார் இல்லாமல் நாயை அவிழ்த்துவிட வேண்டாம் என்று பாதையைப் பராமரிப்பவர்கள் கெஞ்சுவதற்கும் காரணம் இருக்கிறது. கருங்கரடியைப் பார்த்துக் குரைத்துக்கொண்டு ஓடும் நாய், கரடி திரும்பினால் உடனே எசமானிடம் ஓடி வரும், கரடியையும் கூட்டிக்கொண்டு. முள்ளம்பன்றியிடம் போனாலோ முகமெல்லாம் முள். வட அமெரிக்க முள்ளம்பன்றிக்கு ஏறத்தாழ 30,000 முட்கள், நுனியில் கண்ணுக்குத் தெரியாத பின்னோக்கிய கொக்கிகள். எளிதாக உள்ளே போய், வெளியே வர மறுப்பது இந்தக் கொக்கிகளால்தான் என்று 2012இல் அளந்து காட்டினார்கள். மயக்க மருந்து கொடுத்துக் கால்நடை மருத்துவர்தான் பிடுங்க வேண்டும்.

நாய் அனுமதிக்கப்படாத இடங்களும் பாதையில் மூன்று உண்டு. கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்கா, நியூயார்க்கின் பேர் மலையடிவாரத்துச் சிறு விலங்குக்காட்சிச் சாலை, கடைசியாகக் கட்டாடின் நிற்கும் பாக்ஸ்டர் மாநிலப் பூங்கா. ஸ்மோக்கியில் நுழையும் முன் நாயை ஊரில் உள்ள காப்பகத்தில் விட்டு, மறுபுறம் வந்து வாங்கிக்கொள்கிறார்கள். பார்வையற்றோருக்கான வழிகாட்டி நாய் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. பார்வையற்றவரான பில் இர்வின் 1990இல் ஓரியன்ட் என்ற ஜெர்மன் ஷெப்பர்டோடு இந்தப் பாதையை நடந்து முடித்தது அப்படித்தான். மற்றபடி எந்தச் சாதாரண வீட்டு நாயும் பாதையை முழுமையாக முடித்ததாகச் சொல்ல முடியாது. கடைசிச் சிகரத்துக்கு முன்னே, பூங்காவின் எல்லையிலேயே அதன் பயணம் முடிந்துவிடுகிறது.

இந்தத் தடையைக் குறை சொல்கிறவர்கள் பலர். நான் அவர்கள் பக்கம் இல்லை. நாயின் வாசனையும் குரைப்பும் காட்டுயிருக்கு வேட்டை விலங்கின் வாசனை, வேட்டை விலங்கின் குரல். நோய் அதைவிடப் பெரிய அபாயம். 1994இல் செரெங்கெட்டியில் நாய்க் கொள்ளைநோய் என்ற டிஸ்டெம்பர் வைரஸ் பரவி, அங்கிருந்த சிங்கங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இறந்தது. 2018இல் நம் நாட்டின் கிர் காட்டிலும் அதே வைரஸ் சிங்கங்களிடம் கண்டறியப்பட்டது. அந்த ஆண்டு இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் மாண்டன. காட்டுக்குள் நாயோடு போகும் உரிமை கேட்பவர் முதலில் அதற்குத் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும், போட்டபின்னும் காடு வேண்டாம் என்றால் திரும்ப வேண்டும்.

நம் ஊர் மலைகளிலும் சின்ன நாயோடு நடக்க ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். சரணாலயமும் தேசியப் பூங்காவும் அதற்கான இடம் இல்லை. அனுமதி உள்ள பாதை என்றால் தாராளமாகப் போங்கள், நாய்க்கு ஒரு வயது நிரம்பிய பிறகு. வாரத்துக்கு வாரம் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். மணிக்கு ஒருமுறை தண்ணீர் வைத்துப் பத்து நிமிடம் உட்காருங்கள். இரவில் நாலு பாதத்தையும் விளக்கடியில் திருப்பிப் பாருங்கள். பாதத்தை ஓயாமல் நக்கினால், நின்ற உடனே படுத்துவிட்டால், முன்னால் ஓடுவது பின்னால் வரத் தொடங்கினால், அன்றைய நடை முடிந்தது. நாய் களைப்பைச் சொல்லாது, கூப்பிட்டால் எழுந்து வரும். சமதரையில் வேகம் மணிக்கு மூன்றரைக் கிலோமீட்டரைத் தாண்ட வேண்டாம். அதைவிட வேகமாகப் போயே ஆக வேண்டும் என்றால் நாயை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.